இம்பாலாவின் பழைய ரேடியோவைக் கழற்றினால் அலாரம் என்னவாகும்?

கேள்வி: 2013 ஒக்ரோபர் 12

அண்ணைமார், என்னட்டை 2004 ஷெவர்லே இம்பாலா கார் ஒண்டு நிக்குது. புளூடூத் உள்ள ரேடியோ போட வேணும். கடைக்காரர் இந்தக் காரின்ரை ரேடியோ அலாரத்தோடை சேர்ந்தது, சும்மா கழட்டேலாது எண்டு சொல்லி 450 டொலர் கேக்கிறார். ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆராவது செய்து பாத்தனீங்களோ?

ஒக்ரோபர் 12, இரவு

தம்பி, கடைக்காரர் உம்மைப் பயமுறுத்துகிறார் என்றுதான் நினைக்கிறேன். ரேடியோவுக்கு ஸ்பீக்கர் வயர் எட்டு, பற்றரியிலிருந்து ஒன்று, திறப்போடு (சாவியோடு) வேலை செய்வது ஒன்று, எர்த் ஒன்று. அவ்வளவுதான். முன்பு வைத்திருந்த கொரொல்லாவில் ஒரு மத்தியானத்தில் மாற்றி முடித்தேன். இப்போது என்னிடம் இருப்பதும் உம்முடைய கார்தான், 2003 மொடல், ஓஷாவாவில் செய்தது. நானும் புது ரேடியோ வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். தினமும் 401 நெடுஞ்சாலையில் விற்பி வரை வேலைக்குப் போகிற ஆள் நான். 2009 ஒக்ரோபர் 26க்குப் பிறகு ஒன்ராறியோவில் கையில் தொலைபேசியோடு ஓட்டினால் குற்றம், பிடித்தால் 155 டொலர். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருக்கவும் மனம் வராது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த ஞாயிறு செய்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒக்ரோபர் 20

கழற்றினேன். முதலில் கழற்றும் முறை, ஏனென்றால் இதில் ஒழுங்கு முக்கியம்.

ரேடியோவைச் சுற்றியிருக்கிற நீளமான பிளாஸ்டிக் சட்டம் வெளியே வர வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கீழே இறக்கி, கியரை அடி வரைக்கும் இழுக்க வேண்டும். அதற்குத் திறப்பு ஓன் நிலையில் இருக்க வேண்டும், காலால் பிரேக்கும் மிதிக்க வேண்டும். ஆகவே முதலில் கைப்பிரேக் போட்டு, கியரை இறக்கி, திறப்பை அணைத்து, அதற்குப் பிறகு போய் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பற்றரியை முதலில் கழற்றினால் கியர் அசையாது. பற்றரி போல்ட் 8 மி.மீ., ரேடியோவைப் பிடித்திருக்கிற ஸ்குரூ 7 மி.மீ. சட்டத்தைக் குளிரில் இழுக்காதீர்கள், கிளிப் உடையும். நான் ஒரு மணித்தியாலம் ஹீற்றரைப் போட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வயர்களை மல்ரிமீற்றரால் பார்த்தேன். செம்மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட், கறுப்பு எர்த். ஸ்பீக்கர் வயர்கள் இந்தக் காரைச் செய்த ஜிஎம்மின் வழக்கமான நிறங்கள்தான்: இடது முன் மண்நிறமும் சாம்பலும், வலது முன் இளம்பச்சையும் கரும்பச்சையும், இடது பின் கபிலமும் மஞ்சளும், வலது பின் கருநீலமும் இளநீலமும். ஆனால் திறப்பைத் திருப்பினால் 12 வோல்ட் வரும் வயர் இல்லை. ஒவ்வொன்றாக மூன்று தரம் பார்த்தேன், இல்லவே இல்லை.

பழைய ரேடியோ பிறகு எப்படித் திறப்போடு ஓன் ஆகியது? இரவு முழுக்க இதைத்தான் படித்தேன். அந்தக் காரில் ஒற்றை வயரில் எல்லாப் பெட்டிகளும் தங்களுக்குள் கதைத்துக்கொள்கின்றன. ஜிஎம் அதை கிளாஸ் 2 என்று சொல்கிறது. நொடிக்கு 10.4 கிலோபிற், வயரில் 7 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். எஞ்சின் கொம்பியூட்டர், மீற்றர் தட்டு, கதவு, விளக்கு, ஹோர்ன் எல்லாவற்றையும் பார்க்கிற பொடி கொம்பியூட்டர், ரேடியோ எல்லாம் அதில்தான். “திறப்பு இப்போது ஓன்” என்று பொடி கொம்பியூட்டர் செய்தி அனுப்புகிறது, அதைக் கேட்டு ரேடியோ எழும்புகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கராஜ்காரர் பரிசோதனைக் கருவியைச் செருகுகிற ஓபிடி சொக்கற்றின் 2ஆம் பின் இந்த வயர்தான்.

சந்தையில் வாங்கும் ரேடியோவுக்கு இந்தப் பாஷை தெரியாது.

ஒக்ரோபர் 21

இப்போதைக்கு புது ரேடியோவின் மஞ்சள் (நிரந்தர மின்சாரம்), சிவப்பு (திறப்போடு வரும் மின்சாரம்) இரண்டையும் சேர்த்து செம்மஞ்சளில் கொடுத்துவிட்டேன். பாட்டு நன்றாகக் கேட்கிறது. எஃப்எம் 101.3இல் தமிழ் நிகழ்ச்சி துல்லியமாக வருகிறது, அப்பாவுக்குச் சந்தோஷம். இறங்கும்போது பட்டனை அழுத்தி அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒக்ரோபர் 29

மேலே எழுதியதைச் செய்யாதீர்கள். தயவுசெய்து.

சனி இரவு ரேடியோவை அணைக்க மறந்தேன். ஞாயிறு முழுக்கக் காரை எடுக்கவில்லை. திங்கள் காலை ஐந்தரைக்குத் திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் இரவு வேலை முடித்து வந்த களைப்போடு கேபிள் கொடுத்துக் காரை எழுப்பிவிட்டார். சிவப்பு வயரை நிரந்தர மின்சாரத்தில் கொடுத்தால் ரேடியோ ஒருபோதும் முழுதாகத் தூங்காது என்பதைப் பிறகுதான் அளந்து பார்த்தேன். பட்டனை அழுத்தி அணைத்த பிறகும் 300 மில்லி அம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. நின்றிருக்கிற கார் ஒன்று 50க்குள் இருக்க வேண்டும்.

இப்போது சிவப்பை பியூஸ் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். டாஷின் ஓரத்தில் கதவைத் திறந்தால் தெரியும் பெட்டி. திறப்போடு மட்டும் வேலை செய்யும் பியூஸ் ஒன்றை மீற்றரால் தேடி, அதில் இரட்டைப் பியூஸ் தாங்கி போட்டேன், 10 அம்பியர். ஒரு குறை, திறப்பை அணைத்த உடனே ரேடியோ செத்துவிடும். பழையது கதவைத் திறக்கும் வரை பாடிக்கொண்டே இருக்கும். அழைப்பில் கதைத்துக்கொண்டு வந்து நிறுத்தினால் பாதியில் வெட்டுப்படுகிறது. பரவாயில்லை என்று விட்டிருக்கிறேன்.

நவம்பர் 3

இன்று நடந்ததைச் சொன்னால்தான் கேள்வி கேட்ட தம்பிக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

மார்க்கம் றோட்டில் மரக்கறிக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, அப்பாவை உள்ளே இருக்கச் சொல்லி இறங்கினேன். வழக்கம்போலக் கை ரிமோட்டைத் தானாக அழுத்திவிட்டது. நான் வெண்டிக்காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஹோர்ன் அடிக்கிறது, நிற்காமல். அப்பாவுக்கு உள்ளே புழுங்கியிருக்கிறது, கதவைத் திறந்திருக்கிறார். விளக்குகள் எல்லாம் மின்னுகின்றன, ஆட்கள் பார்க்கிறார்கள், அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். 78 வயது. ஓடி வந்து ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். வீடு வரும் வரை அவர் ஒரு சொல் பேசவில்லை. சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. ஊரில் பட்டதெல்லாம் அப்படி.

இனி இந்த அலாரம் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து கையேட்டைத் திறந்தேன். அலாரத்தை நிறுத்தலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எதால்? ரேடியோவால். பழைய ரேடியோவால்.

நவம்பர் 5

இரண்டு நாள் யோசித்து எழுதுகிறேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, 12ஆம் திகதி நான் அவரைப் பற்றி எழுதியது தவறு. ஆனால் அவர் சொன்னதும் முழுதாகச் சரியில்லை.

அலாரம் ரேடியோவுக்குள் இல்லை. கதவு திறந்ததா, பூட்டியதா, ஹோர்ன் அடிக்கவா என்று தீர்மானிப்பது பொடி கொம்பியூட்டர். ரேடியோவைக் கழற்றி எறிந்தாலும் அலாரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், அதைத்தான் ஞாயிறு பார்த்தேன். ஆனால் அந்தப் பெட்டியோடு நாம் கதைப்பதற்கு இந்த மொடலில் இருக்கிற ஒரே இடம் ரேடியோவின் சின்னத் திரை. 2000இலிருந்து 2005 வரை வந்த இம்பாலாக்களில் இப்படித்தான். கதவு தானாகப் பூட்டுவது, ரிமோட்டை அழுத்தினால் ஹோர்ன் அடிப்பதா விளக்கு மட்டும் மின்னுவதா, இறங்கிய பிறகு விளக்கு எவ்வளவு நேரம் எரிவது, அலாரம் வேண்டுமா வேண்டாமா, எஞ்சின் ஓயில் மாற்றியபின் கணக்கைத் திருப்பி வைப்பது, எல்லாம் ரேடியோவில்தான். அது போனால் அந்த நேரம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே கார் உறைந்துவிடும்.

ஆகவே தம்பி, கழற்றலாம். ஆனால் கழற்ற முதல் உட்கார்ந்து எல்லாச் செற்றிங்கையும் உமக்கு வேண்டிய மாதிரி வைத்துவிடும். இதை யாராவது எனக்கு முதலில் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 9

பழைய ரேடியோவை முன் சீற்றில் வைத்து, பழைய பிளக்கை நேரே செருகினேன். நான் அந்தப் பிளக்கை வெட்டவில்லை, இடையில் அடப்டர் போட்டிருந்தேன். வெட்டாமல் விட்டதற்கு இன்றைக்குத்தான் பலன்.

செய்கிற முறை: திறப்பு ஓனில், ரேடியோ அணைந்திருக்க வேண்டும். ட்யூன் குமிழை ஐந்து விநாடி அமத்திப் பிடித்தால் திரையில் செற்றிங்ஸ் என்று வரும். சீக் பட்டனால் மேலும் கீழும் போகலாம். கொன்டென்ட் தெஃப்ட் என்று வருகிறதே, அதுதான் அலாரம். 1ஆம் 2ஆம் இலக்கப் பட்டன்களால் உள்ளே போய் மாற்றி, குமிழை அழுத்தினால் முடிந்தது. ஓயில் கணக்கும் அதே வழிதான்.

அலாரத்தை அணைத்தேன். அப்பாவை உள்ளே இருத்தி, ரிமோட்டால் பூட்டி, கண்ணாடிக்கு வெளியே நின்று “இப்ப திறவுங்கோ” என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டாம் முறை கேட்டபிறகுதான் திறந்தார். சத்தம் இல்லை.

நவம்பர் 24

“பழையதைக் கழிவுக் காசுக்கு விற்றுவிட்டேன், தேவைப்பட்டால் ஸ்கிராப் யாட்டில் ஒன்று வாங்கிச் செருகி செற்றிங்கை மாற்றிவிட்டுக் கழற்றலாம்தானே” என்று கேட்டவருக்கு: முடியாது. ஸ்கிராப் யாட் ரேடியோ ஒன்றை என் காரில் போட்டுப் பார்த்தேன், நண்பர் ஒருவர் தந்தார். திரையில் லொக்ட் என்று மட்டும் வருகிறது. இந்த ரேடியோக்கள் முதன்முதலில் பொருத்தப்பட்ட காரின் வின் இலக்கத்தை, அதாவது அந்தக் காருக்கே உரிய அடையாள இலக்கத்தை, அந்த ஒற்றை வயர் வழியாகக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுகின்றன. வேறு காரில் போட்டால் அந்நிய வீடு என்று வாயை மூடிக்கொள்ளும். திருடன் கொண்டுபோனாலும் பயன்படக்கூடாது என்பதற்காகச் செய்தது, நியாயம்தான். டீலரிடம் இருக்கிற டெக் 2 கருவியால் திறந்து உங்கள் காருக்குப் பழக்கலாம், ஆனால் ஒரு மணித்தியாலக் கூலி கேட்பார்கள், அந்தக் காசுக்குப் பழைய ரேடியோவை வைத்திருப்பது மேல்.

உங்கள் காரோடு பிறந்த ரேடியோவை விற்காதீர்கள். 20 டொலருக்கு மேல் யாரும் தரப்போவதும் இல்லை.

டிசம்பர் 1

ஒவ்வொரு ஓயில் மாற்றத்துக்கும் டாஷைக் கழற்ற முடியுமா? முடியாது. அதனால் பழைய ரேடியோவை டிக்கிக்குள் கொண்டுபோய்விட்டேன். நிறையப் பேர் செய்திருக்கிறார்கள், அதற்கென்றே நீளமான வயர்க்கட்டு விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன், விரல் மொத்தம், 18 அடி. அதைக் கதவடிப் பிளாஸ்டிக்குக் கீழே போட முயன்று பாதி நாள் போனது. சட்டம் மூடவே இல்லை.

பிறகு யோசித்தேன். டிக்கியில் இருக்கிற ரேடியோவில் யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. ஸ்பீக்கர் வயர் எதற்கு? பழைய ரேடியோவுக்குத் தேவை மூன்றே மூன்று: செம்மஞ்சள், கறுப்பு, அந்தக் கதைக்கிற வயர். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று மெல்லிய வயர்களைச் சுற்றி ரேப் ஒட்டி, ஓட்டுநர் பக்கக் கதவடியால் பின் சீற்றுக்குக் கீழே கொண்டுபோனேன். முன்னால் செம்மஞ்சளுக்குத் தனியாக ஒரு பியூஸ் போட்டேன். எங்காவது உரசி எர்த்தில் பட்டால் பியூஸ் போகட்டும், கார் போகக்கூடாது. ஐம்பது நிமிட வேலை. ரேடியோ இப்போது ஸ்பெயார் ரயருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், மூடி திறந்தால் திரை தெரியும்.

எல்லாம் பூட்டி இருபது நிமிடம் பொறுத்து அளந்தேன். இரண்டு ரேடியோவும் சேர்த்து முழுக் காருக்கும் 32 மில்லி அம்பியர். உடனே அளந்தால் அம்பியர் கணக்கில் காட்டும், பயப்படாதீர்கள். அந்தப் பெட்டிகள் எல்லாம் தூங்கப் போக நேரம் எடுக்கும்.

டிசம்பர் 24

ஐஸ் மழைக்குப் பிறகு மூன்றாவது நாள், எங்கள் தெருவில் இன்னும் மின்சாரம் இல்லை. ரொறன்ரோவில் மூன்று இலட்சம் வீடுகளுக்கு மேல் இருட்டு. காருக்குள் இருந்துதான் செய்தி கேட்கிறோம், தொலைபேசிகளுக்கும் அதில்தான் சார்ஜ். நேற்று இரவு அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகள், நான் எல்லோரும் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தோம், புகை வெளியே போகட்டும் என்று காரைத் தெருவில் எடுத்து விட்டுத்தான். கதவு பத்துத் தரம் திறந்து மூடியது, அலாரம் மூச்சு விடவில்லை. எல்லோரும் கவனமாக இருங்கள், மரக்கொப்புக்குக் கீழே காரை விடாதீர்கள்.

2014 ஜனவரி 8

ஒரு பிரச்சினை. நேற்று −20க்குக் கீழே. காலையில் எஞ்சின் பிடித்து இரண்டு விநாடியில் நின்றது. மீற்றர் தட்டில் செக்யூரிற்றி விளக்கு மின்னுகிறது. மறுபடி செய்தாலும் அதேதான். டிக்கிக்கு இழுத்த வயரில்தான் ஏதோ என்று நினைக்கிறேன். இந்த மூன்று வயர் முறையைச் செய்ய இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நான் பார்த்துச் சொல்லும் வரைக்கும்.

ஜனவரி 8, மத்தியானம்

வேலைக்குப் போக முடிந்தது. திறப்பை ஸ்ராட் வரை திருப்பிவிட்டு ஓனில் அப்படியே விட வேண்டும். பத்து நிமிடத்தில் அந்த விளக்கு அணையும். பிறகு அணைத்துவிட்டு மறுபடியும், மொத்தம் மூன்று தரம், முப்பது நிமிடம். கார் தன் சங்கேதத்தைப் புதிதாகப் படித்துக்கொள்கிறது. அந்த முப்பது நிமிடமும் பற்றரியில்தான் ஓடும், ஆகவே ஹீற்றர் விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருங்கள். போர்வை கொண்டுபோங்கள்.

ஜனவரி 19

பழைய ரேடியோ மீது போட்ட பழியை எடுக்கிறேன்.

நடந்தது பாஸ்லொக் என்கிற திருட்டுத் தடுப்பின் வேலை. திறப்பு போடுகிற பூட்டு உருளைக்குள் ஒரு சின்ன உணரி இருக்கிறது. சரியான திறப்பால் உருளை திரும்பினால் அது ஒரு குறிப்பிட்ட அளவைப் பொடி கொம்பியூட்டருக்குச் சொல்லும், பொடி கொம்பியூட்டர் அந்த ஒற்றை வயரில் “சரி, விடு” என்று எஞ்சினுக்குச் சொல்லும். அளவு பிழைத்தால் எரிபொருள் நின்றுவிடும். உருளையிலிருந்து வருகிற மூன்று வயர்களும் தலைமயிர் மாதிரி மெல்லியவை, பத்து வருடம் திரும்பித் திரும்பித் தேய்ந்து போகின்றன. குளிரில் விறைத்தால் இன்னும் மோசம்.

எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், டிக்கி ரேடியோவின் மூன்று வயரையும் கழற்றிவிட்டு ஒரு கிழமை ஓடினேன். 14ஆம் திகதி அதே விளக்கு, அதே நிற்பு. பிறகு ஸ்டியரிங் தண்டின் மூடியைத் திறந்து பார்த்தால் மஞ்சள் வயர் உள்ளே முறிந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. உருளையோடு சேர்த்து மாற்றினேன். முப்பது நிமிடச் சடங்கு ஒருமுறை. ரேடியோவைத் திரும்பக் கொழுவினேன். இன்றோடு ஐந்து நாள், விளக்கு வரவில்லை.

இரண்டும் ஒரே வயரில் கதைப்பதால்தான் எனக்குக் குழம்பியது. கடைகளும் இப்படித்தான் குழம்புகின்றன என்று நினைக்கிறேன். “ரேடியோ மாற்றினாயா, அதுதான்” என்று சொல்லி ஒரு கராஜ் இன்னொருவரிடம் பொடி கொம்பியூட்டர் மாற்ற 600 டொலர் கேட்டிருக்கிறது. கொடுக்க முதல் அந்த மஞ்சள் வயரைப் பாருங்கள்.

மார்ச் 20

செவ்வாயிலிருந்து தொலைபேசி அபராதம் 155இலிருந்து 280 ஆகிவிட்டது. கேட்டவர்கள் அதிகம், அதனால் இன்னொரு விஷயமும் சொல்கிறேன். கிளாஸ் 2 பாஷையைக் கேட்டுப் புது ரேடியோவுக்குத் திறப்பு மின்சாரம் கொடுக்கிற அடப்டர் பெட்டி ஒன்று 60 டொலருக்கு வாங்கிப் போட்டேன். பியூஸ் பெட்டியிலிருந்து எடுத்த வயரைக் கழற்றிவிட்டேன். இப்போது திறப்பை எடுத்தாலும் கதவைத் திறக்கும் வரை அழைப்பு வெட்டுப்படுவதில்லை. முதல் நாளே இதை வாங்கியிருந்தால் ஒக்ரோபரில் பற்றரி செத்திருக்காது. ஆனால் இந்தப் பெட்டி அலாரத்தின் செற்றிங்கை மாற்றாது, அதற்கு டிக்கி ரேடியோதான்.

முதலில் கேள்வி கேட்ட தம்பி போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். கராஜுக்குள் இருவருமாகச் செய்தோம், நாலரை மணித்தியாலம். கழற்ற முதல் அவருடைய செற்றிங்கை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் அலாரத்தை ஓனிலேயே விட்டார், அவருடைய அடுக்குமாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் இரண்டு காரை உடைத்திருக்கிறார்கள். அப்பா தேத்தண்ணியோடு வந்து, “இவரின்ரை காரும் கத்துமோ?” என்று கேட்டார். “ஓம் அப்பா, கத்தும்” என்றேன். தேத்தண்ணியைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.